ஆஸ்கர் ஆரூடம்

நம் தேசத்தில் எந்தப் பொருளுக்குப் பஞ்சம் வந்தாலும் ஆரூடத்துக்கு மட்டும் பஞ்சம் வந்தது கிடையாது. கைரேகை பார்க்கிறவர் இருக்கிறார். கிளியைக் கொண்டு சீட்டு எடுக்கச் சொல்கிறவர் இருக்கிறார். சோழி உருட்டுகிறவர் இருக்கிறார். இவர்கள் ஒருவரும் அகப்படாவிட்டால், சுவரில் இருக்கும் பல்லியாவது நமக்கு வருங்காலத்தைச் சொல்லிவிடுகிறது. இத்தனை சாஸ்திரங்களும் போதாவென்று, எங்கள் மேலநீலிதநல்லூரில் சென்ற சில வருஷங்களாகப் புதிய ஆரூட சாஸ்திரம் ஒன்று வளர்ந்து வருகிறது. அதற்கு மூலபுருஷன் அடியேன்தான் என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்ளுகிறேன்.

சாஸ்திரம் இதுதான்: அமெரிக்கா தேசத்துச் சினிமாக் கலைக் கழகத்தார் வருஷந்தோறும் கொடுக்கிற ஆஸ்கர் விருதுகளில், காட்சி ஜாலத்துக்கு, அதாவது நம்மவர் 'கிராபிக்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற வித்தைக்கு, எந்த ஐந்து படங்கள் பரிந்துரைக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லுவது.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரும் இதையேதான் கேட்டார். "என்ன வே, ஐப்பசியில் மழை பெய்யுமா என்று சொன்னாலாவது கரிசல்காட்டுக்காரன் பருத்தி போடலாமா, உளுந்து போடலாமா என்று தீர்மானம் பண்ணுவான். எங்கேயோ அமெரிக்காவில் எவனோ எவனுக்கோ பரிசு கொடுக்கிறதை நீர் சங்கரன்கோவில் தாலுகாவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறீரே!" என்றார். நான் கணக்கு வாத்தியார். கணக்குப் போடுவதை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆகையால் அவருக்குச் சொன்ன சமாதானத்தையும், அவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தையும் இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பரிந்துரை நடக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கழகத்தில் நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் என்று பல கிளைகள் உண்டு. காட்சி ஜாலக்காரர்களுக்கும் தனிக் கிளை உண்டு. அவர்கள் முதலில் இருபது படங்களைப் பொறுக்குகிறார்கள். டிசம்பர் மாதத்தில் அது பத்தாகக் குறைகிறது. ஜனவரியில் நடக்கிறது வேடிக்கை. பத்துப் படக்காரர்களும் தங்கள் படத்திலிருந்து பத்து நிமிஷக் காட்சிகளைத் தொகுத்துக்கொண்டு வந்து, சக தொழிலாளிகள் நிறைந்த கொட்டகையில் போட்டுக் காட்டி, 'இதை இப்படிச் செய்தோம்' என்று விளக்கம் சொல்லி, கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இதற்கு 'பேக் ஆஃப்' என்று பெயர். ரொட்டி சுடும் போட்டிக்கு வைக்கிற பெயர்! நம் பாஷையில் 'பணியாரப் பந்தயம்' என்று வைத்துக்கொள்ளலாம். அது முடிந்ததும் கிளையினர் வாக்களித்து ஐந்து படங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் மூன்றுதான். 2010-ஆம் வருஷத்துப் படங்கள் முதற்கொண்டு ஐந்தாயிற்று. அந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் போது மட்டும் கழகத்தின் எல்லாக் கிளையினரும் வாக்களிக்கலாம்.

ஆக, பரிந்துரை செய்கிறவர் சமையற்காரர். பரிசு கொடுக்கிறவர் சாப்பிடுகிறவர். இந்த ஒரு பேதத்தை மறந்தால் ஆரூடம் பலிக்காது. சமையற்காரர் 'இதற்கு எத்தனை நாழிகை ஊறவைத்திருப்பான்!' என்று வியக்கிறார். சாப்பிடுகிறவர் 'ருசியாக இருக்கிறதா?' என்றுதான் பார்க்கிறார். 2011, 2014, 2017 ஆகிய வருஷங்களில் வந்த மூன்று வானரப் படங்களின் கதை இதற்கு நல்ல உதாரணம். நடிகரின் முகத்திலுள்ள ஒவ்வொரு சுருக்கத்தையும் குரங்கின் முகத்தில் ஏற்றிக் காட்டிய அபாரமான வேலை அது. மூன்றும் பரிந்துரை பெற்றன. மூன்றும் பரிசை இழந்தன. முதல் தடவை 'ஹ்யூகோ', இரண்டாம் தடவை 'இன்டர்ஸ்டெல்லார்', மூன்றாம் தடவை 'பிளேடு ரன்னர் 2049' ஆகியவை பரிசை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

இன்னொரு விதி. சிறந்த படம் என்ற பெரிய பரிசுக்கும் பரிந்துரை பெற்ற படம் ஒன்று இந்த ஐந்தில் இருந்தால், காட்சி ஜாலப் பரிசும் அதற்கே போகும் என்பது நெடுங்காலம் பொய்க்காத சூத்திரம். 2016-இல் நடந்த விழாவில் அது பொய்த்தது. பெரிய பரிசுக்கு நின்ற மூன்று படங்கள் அந்த ஐந்தில் இருந்தன. அவை மூன்றையும் தள்ளிவிட்டு, சிறு முதலில் எடுத்த 'எக்ஸ் மெஷினா' என்ற படம் பரிசை வாங்கிற்று. 2024-இல் நடந்ததோ இன்னும் அதிசயம். ஜப்பான் தேசத்திலிருந்து வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' என்ற படத்தில் காட்சி ஜால வேலை செய்தவர்கள் மொத்தம் 35 பேர். செய்த காட்சித் துண்டுகள் 610. படத்தை இயக்கிய தகாஷி யமசாகியே அந்தக் கூட்டத்துக்கும் மேஸ்திரி. ஆயிரக்கணக்கான ஆட்களும் குபேர சம்பத்தும் கொண்ட படங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த 35 பேரின் வேலை முதற்பரிசு பெற்றது. அந்த வருஷத்தில் ஏழு ஆஸ்கர் வாங்கிய 'ஓப்பன்ஹைமர்' இந்தத் துறையில் பத்துக்குள்ளேகூட நுழையவில்லை. ஆரூடம் சொல்லுகிறவனுக்கு அடக்கம் எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்து ஆராய்ச்சிக்கு வருகிறேன். ஜனவரி மாதத்தில், பத்துப் படங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் ஐந்தைத் தேர்ந்தெடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பந்தயம் கட்டுவது பள்ளிக்கூடத்துக்கு ஆகாத காரியம். ஆகையால் ஜெயித்தவருக்குக் 'கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வழங்கும் வைபவம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். நிகழ்தகவு என்ற பாடத்தை நாணயத்தைச் சுண்டிக் கற்பிப்பதைக் காட்டிலும் இந்த முறையில் கற்பிப்பது சிலாக்கியம் என்பது என் அநுபவம். பத்தில் ஐந்தை 252 விதமாகப் பொறுக்கலாம் என்று சூத்திரத்தைக் கொண்டு நிரூபித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கடலைமிட்டாயைக் காட்டி நிரூபித்தால் விழித்துக்கொள்ளுகிறார்கள்!

இந்த ஆராய்ச்சியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்டுபிடித்த சித்தாந்தம் மிகவும் ரஸமானது. "சார், எந்தப் படத்தில் தண்ணீர் நிறைய வருகிறதோ அந்தப் படத்துக்குத்தான் கொடுப்பார்கள்" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் கணக்கைப் பார்த்தேன். 1939-ஆம் வருஷத்துப் படங்களில் 'தி ரெயின்ஸ் கேம்' என்ற படத்தில் பெருவெள்ளம். 1956-இல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் செங்கடல் பிளக்கிறது. 1989-இல் 'தி அபிஸ்', ஆழ்கடல். 1997-இல் 'டைட்டானிக்'. 2012-இல் 'லைஃப் ஆஃப் பை'. 2022-இல் 'அவதார்' இரண்டாம் பாகம். அதற்குத் தண்ணீர் என்றே பெயர். 2023-இல் கடலிலிருந்து எழும் காட்ஸில்லா. இவையெல்லாம் பரிசு வாங்கியவை. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் சீமையில் பிறந்த பெண் அல்லவா? தண்ணீர் இருக்கிற இடம் அவள் கண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது.

"அப்படியானால் பாலைவனப் படமாகிய 'டியூன்' முதற்பாகமும் இரண்டாம் பாகமும் பரிசு வாங்கினவே, அதற்கு என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டேன். "மணலும் ஓடத்தானே செய்கிறது, சார்!" என்றாள். இதைக் கேட்டு நான் ஸ்தம்பித்துப் போனேன். வாஸ்தவத்தில் கம்ப்யூட்டருக்குள்ளும் விஷயம் அதுதான். பாறையையும் கோட்டையையும் ஒரு தடவை வரைந்துவிட்டால் அசையாமல் நிற்கும். தண்ணீருக்கும் மணலுக்கும் புகைக்கும் அப்படி ஒரு வடிவம் கிடையாது. கோடிக்கணக்கான துகள்களாகப் பிரித்து, ஒவ்வொரு துகளும் அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்று பௌதிக சூத்திரத்தின்படி கணக்கிட வேண்டும். கஷ்டமான வேலை என்பது சமையற்காரருக்குத் தெரிகிறது. கண்ணுக்கு அழகு என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிகிறது. ஆகையால்தான் தண்ணீர் ஜெயிக்கிறது. ஆனால் இந்தச் சித்தாந்தத்துக்கும் விலக்கு உண்டு. 2000-இல் 'தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' என்ற படத்தில் மலைபோல எழுந்த அலைகளை, ரோமாபுரியின் கொட்டகையைக் கட்டிக் காட்டிய 'கிளாடியேட்டர்' தோற்கடித்துவிட்டது.

சரித்திரத்தைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அது தேசாபிமானமுள்ள யாரையும் சற்று நேரம் யோசிக்க வைக்கும். மேலே சொன்ன 'தி ரெயின்ஸ் கேம்' இந்தியக் கதை. ராஞ்சிப்பூர் என்ற கற்பனை நகரத்தில் பூகம்பமும் வெள்ளமும் வருகின்றன. டைரோன் பவர் என்ற அமெரிக்க நடிகர் இந்திய டாக்டராக வேஷம் போட்டிருக்கிறார். 'விசேஷக் காட்சிகள்' என்ற பெயரில் அந்தப் பரிசை ஏற்படுத்திய வருஷத்திலேயே, 'கான் வித் தி விண்ட்', 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' ஆகிய பெரும் படங்களைத் தள்ளிவிட்டு இது பரிசை அடைந்தது. மறு வருஷம் வந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்கு அடுத்த பரிசு. அதில் நடித்த சாபு மைசூர் சமஸ்தானத்து யானைப்பாகன் மகன். 1942-இல் அதே சாபு நடித்த 'ஜங்கிள் புக்' பரிந்துரை பெற்றது. 1984-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் இரண்டாம் படத்தின் கதை இந்தியாவில் நடக்கிறது. எடுத்ததோ இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில். அதற்கும் பரிசு. 2012-இல் புதுச்சேரிப் பையனும் புலியும். 2016-இல் மறுபடியும் 'ஜங்கிள் புக்'. இந்தத் தடவை மத்திய இந்தியாவின் காடு முழுவதும் கம்ப்யூட்டரில் முளைத்தது. பையன் ஒருவன்தான் நிஜம். எங்கள் பிள்ளைகள் இதற்கும் ஒரு சூத்திரம் செய்துவிட்டார்கள்: 'இந்தியாவைப் பற்றி எடு, இந்தியாவில் எடுக்காதே, பரிசு நிச்சயம்!'

வேடிக்கை கிடக்கட்டும். இந்தியப் படம் ஒன்று இந்தத் துறையில் பரிந்துரை பெற்றதே கிடையாது. 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் பாட்டு 2023-இல் ஆஸ்கர் வாங்கியது உலகறிந்த விஷயம். ஆனால் காட்சி ஜாலத்துக்கு வெளியான பத்துப் படப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. எங்கள் வகுப்பில் அன்று துக்கம் அநுஷ்டிக்கப்பட்டது.

வித்தை நமக்குத் தெரியாதா என்றால், அப்படிச் சொல்லுவது நாவுக்கு அடுக்காது. 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் பி. யு. சின்னப்பா பாடகராகவும் அவரே பக்கவாத்தியக்காரர்களாகவும் வரிசையாக உட்கார்ந்து கச்சேரி செய்ததை எங்கள் பாட்டனார் காலத்தவர் சாகும் மட்டும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். இதைப் போன்ற காட்சிகளைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எடுத்த முறை மிக எளிது. லென்ஸின் ஒரு பாகத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு ஒருவரைப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறைத்ததைத் திறந்து, திறந்ததை மறைத்து, அதே பிலிமில் மறுபடியும் பிடிப்பார்கள். கை ஒரு நூலளவு பிசகினாலும் போச்சு! 1957-இல் 'மாயா பஜார்' படத்தில் ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டை வெளுத்துக் கட்டியதையும், மார்கஸ் பார்ட்லி தம் காமிராவால் நிலவொளியை உண்டாக்கியதையும் இன்றைக்கும் பார்த்து வியக்கலாம். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்துக்காகக் கமலஹாசன் காலை மடக்கிக்கொண்டு குள்ள அப்புவாக நின்றார், ஐந்து வருஷங்களுக்குப் பிறகு 'ஃபாரஸ்ட் கம்ப்' என்ற அமெரிக்கப் படத்தில் நடிகர் ஒருவரின் கால்களைக் கம்ப்யூட்டரால் அழித்துக் காட்டினார்கள், பரிசு கிடைத்தது. 'இந்தியன்' படத்தில் நேதாஜியின் படையில் சேனாபதி நிற்பதைப் பார்த்துக் கைதட்டாத கொட்டகை உண்டா? 'காதலன்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்' என்று 1990-களில் விசேஷக் காட்சிக்கான தேசிய விருது தமிழ்ப் படங்களைத் தேடித் தேடி வந்தது. 2010-இல் வந்த 'எந்திரன்' படத்துக்கும் அந்த விருது கிடைத்தது.

இவ்வளவு ஏன்? சங்கரன்கோவிலுக்கு வந்து சங்கரநாராயணரைத் தரிசித்திருக்கிறவர்கள் ஒரு விஷயத்தை அறிவார்கள். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். இரண்டு உருவங்கள் ஒரே திருமேனியில் ஒட்டு தெரியாமல் பொருந்தி நிற்கின்றன. இரண்டு வெவ்வேறு காட்சிகளை ஒன்றாக்குவதுதான் இந்தக் கலை முழுவதற்கும் ஆணிவேர். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூடி அந்த இணைப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிற சனங்களுக்கு, இணைப்பின் மகத்துவத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நிற்க. தமிழாசிரியரிடம் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு இனி வருகிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் சென்னையில் இந்தத் தொழிலில் இருக்கிறான். அப்பா பருத்தி விவசாயி. அம்மா வீட்டில் பூக்கட்டிச் சங்கரன்கோவில் சந்தைக்கு அனுப்புகிறவள். பையனுக்குச் சித்திரம் நன்றாக வரும். என் பாடத்தில் வடிவியல் மாத்திரம் வரும். சென்னையில் சிறு கம்பெனி ஒன்றில் அவன் செய்த வேலைக்கு 'ரோட்டோ' என்று பெயர். படத்திலுள்ள நடிகரின் உருவத்தைச் சுற்றி, கட்டம் கட்டமாக எல்லைக்கோடு வரைந்து, பின்னணியிலிருந்து அவரைப் பிரித்தெடுப்பது. கட்டத்துக்குக் கட்டம் உருவத்தைப் படியெடுக்கும் இந்த முறையை நூறு வருஷத்துக்கு முன்னால் மாக்ஸ் ஃப்ளெய்ஷர் என்ற அமெரிக்கர் சித்திரப் படத்துக்காகக் கண்டுபிடித்தார். ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள். கதாநாயகன் ஐந்து விநாடி ஓடினால் 120 தடவை அவனை வரைய வேண்டும். தலைமயிர் காற்றில் பறந்தால் மயிரிழை மயிரிழையாகப் பின்தொடர வேண்டும். பின்னணியில் மலை இடிவதையும் கடல் பொங்குவதையும் வைக்கிற பெரிய வேலை வேறு தேசத்தில் நடக்கும். அதற்கு முன்னால் இந்த எல்லைக்கோடு வரைகிற வேலையும், நடிகரைக் கட்டித் தூக்கிய கம்பியை அழிக்கிற வேலையும் சென்னை, ஹைதராபாத், பெங்களூர், மும்பை நகரங்களில் இரவு பகலாக நடக்கின்றன. பெரிய வேலையிலும் நமக்குப் பங்கு இல்லாமலில்லை. 'டியூன்' படங்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த டி.நெக் என்ற லண்டன் நிறுவனம் 2014-இல் மும்பை பிரைம் ஃபோகஸ் நிறுவனத்தோடு இணைந்தது.

ஒரு வருஷம் அந்தப் பையன் கோடு வரைந்த படம் எங்கள் வகுப்பின் ஐந்தில் ஒன்றாக வந்தது. செய்தியைக் கேட்டதும் அவன் தாய் தந்தையரை அழைத்துக்கொண்டு அந்தப் படம் ஓடிய கொட்டகைக்குப் போனேன். இங்கிலீஷ் படம், அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. "கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும். அதில் உங்கள் பிள்ளை பெயர் வருகிறதா பார்ப்போம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த அம்மாள் இரண்டரை மணி நேரமும் இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கதை முடிந்தது. பெரிய பெரிய எழுத்தில் நாலைந்து பெயர்கள் வந்தன. படார் என்று விளக்குகளைப் போட்டார்கள், திரை இருண்டது, துடைப்பத்துடன் ஒருவர் உள்ளே வந்து, "எழுந்திருங்கள், அடுத்த ஆட்டத்துக்கு நேரமாச்சு" என்றார்.

"வாத்தியாரய்யா, பேரு வந்துச்சா?" என்று அவள் கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. பையனுக்குப் போன் செய்தேன். "ஓடவிட்டிருந்தாலும் இருக்காது சார். கம்பெனிக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. எங்கள் மேலாளர்கள் பெயரோடு அது தீர்ந்துவிட்டது" என்றான். சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இல்லை. வருத்தம் இல்லாததுதான் எனக்கு வருத்தமாயிருந்தது.

ஆஸ்கர் விதிப்படி இந்தத் துறையில் ஒரு படத்துக்குச் சாதாரணமாக நான்கு பேர் பெயர்தான் பரிந்துரைக்கப்படும். ஆயிரம் பேர் இழுத்த தேரில் நான்கு பேர் உட்காருகிறார்கள். அது எந்தத் தேருக்கும் உள்ள நியாயம். அதைப்பற்றி எனக்கு வழக்கு இல்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி.

2013-ஆம் வருஷம் பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். 'லைஃப் ஆஃப் பை' பரிசு வாங்கும் என்று ஆரூடக்காரர் அத்தனை பேரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள், அது பலித்தது. ஆனால் அந்தப் புலிக்கு உயிர் கொடுத்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற கம்பெனி, விழாவுக்குச் சில தினங்கள் முன்னால்தான் இன்ஸால்வென்ட் மனுப் போட்டிருந்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. விழா நடந்த கொட்டகைக்கு வெளியே நூற்றுக்கணக்கான தொழிலாளர் நின்று கோஷமிட்டார்கள். உள்ளே மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் பரிசை ஏந்திக்கொண்டு கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். 'நேரமாயிற்று' என்பதற்கு அடையாளமாக, சுறாமீன் படத்துச் சங்கீதத்தை வாசித்து அவர் பேச்சை அமுக்கிவிட்டார்கள். பரிசு யாருக்கு என்று கணித்த பத்திரிகைகள் எத்தனையோ. பரிசு வாங்கியவர்களுக்கு மறு மாதம் சம்பளம் உண்டா என்று கணித்தது எத்தனை?

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் இதன் சிறு பதிப்பு ஒன்று நேர்ந்தது. அவன் இருந்த கம்பெனிக்கு வெளிநாட்டு வேலை வருவது நின்றது. சம்பளம் ஒரு மாதம் தவறி, இரண்டு மாதம் தவறி, ஒருநாள் கதவும் சாத்திவிட்டது. ஆறு மாதம் ஊரில் வந்து அப்பாவுக்குப் பருத்தி எடுக்க உதவினான். பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. போன பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சார், இப்போது எல்லைக்கோட்டை மெஷினே வரைய ஆரம்பித்துவிட்டது. நான் மூன்று நாள் வரைகிறதை அது மூன்று நிமிஷத்தில் கிறுக்குகிறது. அதன் தப்பைத் திருத்துகிறதுதான் இன்றைக்கு என் வேலை. அடுத்த வருஷம் எந்தப் படத்துக்குப் பரிசு என்று சொல்லுகிறீர்களே, அடுத்த வருஷம் எனக்கு வேலை இருக்குமா என்று சொல்லுங்களேன்" என்றான்.

நான் நிகழ்தகவு கற்பிக்கிறவன். இதற்குப் பின்னம் எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை மாத்திரம் சொன்னேன். கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துப் படம் பிடித்த காலம் போயிற்று. அட்டை போயிற்றே தவிர, எங்கே மறைக்க வேண்டும் என்று அறிந்த கண் போகவில்லை. அந்தக் கண் கோடு வரைந்து வரைந்துதான் உண்டாகிறது. உன்னிடம் அது இருக்கிறது. கோட்டோடு நின்றுவிடாமல், இணைக்கிற வித்தையையும் மேற்பார்க்கிற வித்தையையும் கற்றுக்கொள். கணக்கைக் கைவிடாதே என்றேன். நம் பக்கத்துத் தூத்துக்குடியில் பிறந்த கோட்டலாங்கோ லியோன் என்பவர், காட்சி ஜாலக்காரர்கள் தங்கள் வேலையைப் பரிசீலித்துப் பார்க்க உதவும் கம்ப்யூட்டர்ச் சாதனம் ஒன்றை உருவாக்கியதற்காக 2016-இல் ஆஸ்கர் கழகத்தின் தொழில்நுட்ப விருது பெற்றார் என்பதையும் சொன்னேன். "அவர் பெயர் எனக்குத் தெரியும் சார்" என்றான் பையன். அப்போதுதான் அவன் முகத்தில் பழைய வகுப்பறைச் சிரிப்பைக் கண்டேன்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் சாஸ்திரத்தில் புதிய அங்கம் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். பத்துப் படங்களில் எது எது வீட்டுத் திரைக்கு வருகிறதோ, அதன் கடைசிப் பெயர்ப் பட்டியலைப் பிள்ளைகள் நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். வீட்டில் யாரும் துடைப்பத்தோடு வந்து விரட்ட மாட்டார்கள். நம்மவரைக் கண்டுபிடிப்பதற்குத் தண்ணீர்ச் சித்தாந்தம் கண்ட அதே பெண் ஒரு வழி சொன்னாள்: "வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் இருக்கும். பெயரோடு ஒற்றை எழுத்து மாத்திரம் நின்றால் அவர் நம்ம ஆள், சார்!" அந்த ஒற்றை எழுத்து யாரோ ஒரு தகப்பனாரின் தலையெழுத்து. எங்கோ ஒரு கரிசல்காட்டிலோ, செம்மண் காட்டிலோ, நெசவுத் தெருவிலோ பிறந்தவர் அவர்.

எந்தப் படத்துக்குப் பரிந்துரை கிடைக்கும் என்பதற்கு ஐந்து மதிப்பெண். எத்தனை ஒற்றையெழுத்துக்காரர்களை ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்பதற்கு ஐந்து மதிப்பெண். கடலைமிட்டாய் இரண்டையும் கூட்டித்தான். சென்ற தடவை ஒரு பையன் ஒரே படத்தில் முப்பத்தொரு பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னேன். தமிழாசிரியர் அடுத்த வகுப்பிலிருந்து, "என்ன வே சத்தம், ஆஜர் எடுக்கிறீரா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா, ஆஜர்தான்" என்றேன்.